கொக்கி இல்லாமல் வீசுவீர்களா?

அக்டோபர் மாதம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரை. விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. முந்தின நாள் அடித்த காற்று அடங்கிவிட்டது. அலைக்கு மட்டும் இன்னும் கோபம் தணியவில்லை. இடுப்புக்கு மேல் வரை ரப்பர் உடை மாட்டிக்கொண்டு, நுரைக்குள் நிற்கிறார் ஓர் ஆசாமி. கையில் தூண்டில் கம்பு. நுனியில் புழுவும் இல்லை, இறாலும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் மீன்! கண் வரைந்து, வெள்ளிச் சாயம் பூசி, வயிற்றில் கொக்கி தொங்கவிட்ட பொய் மீன்.

வீசுகிறார். ரீலைச் சுற்றி இழுக்கிறார். மறுபடி வீசுகிறார். இப்படியே இரண்டு மணி நேரம். பல நாள் ஒன்றுமே கிடைக்காது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய், குளித்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவார். மறுநாளும் விடிகாலைக்கு அலாரம் வைப்பார்.

'மார்க்கெட்டில் மீனே கிடைக்காதா?' என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றியது. பி.காம். படித்த புத்தி... எதைப் பார்த்தாலும் முதலில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்றுதான் கேட்கும்.

அவர் தேடுவது ஸீ பாஸ் என்கிற மீனை. நம்ம ஊர்க் கொடுவாவை இங்கிலீஷில் 'ஏஷியன் ஸீ பாஸ்' என்பார்கள். ஒற்றுமை பெயரிலும் சாயலிலும்தான். இரண்டும் வேறு வேறு குடும்பம். ஐரோப்பிய பாஸ் ரொம்ப நிதானமான ஜென்மம். 42 சென்டிமீட்டர் வளரவே ஐந்தாறு வருஷம் ஆகிவிடும். அதைப் பிடிக்க இலையுதிர் காலத்துக்காக ஏன் காத்திருக்கிறார்கள்? கோடை முழுக்க வெயில் வாங்கிய கடல், இலையுதிர் காலம் தொடங்கும்போதுதான் வெதுவெதுப்பாக இருக்கும். பொடிமீன் கூட்டம் கரையோரம் திரளும். குளிர்காலத்தில் முட்டையிட ஆழ்கடலுக்குப் போக வேண்டிய பாஸ், அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ள முழங்கால் ஆழத் தண்ணீருக்கே வந்து தின்னும்.

அது பசியோடு வருகிறது. நாம் பொய்யை வீசுகிறோம்.

அப்படிப் பிடித்த மீனை அவர் சமைப்பாரா? பெரும்பாலும் இல்லை. கொக்கியைக் கழற்றி, அளந்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடலிலேயே விட்டுவிடுகிறார். பாதிக் காரணம் சட்டம். மீன்வளம் சரிந்ததால், அப்போது பிரிட்டனும் உறுப்பினராக இருந்த ஐரோப்பிய யூனியன், 2015-ல் 42 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. 2016-ல் வருடத்தின் முதல் பாதியில் பிடித்த எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும், அப்புறம் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்று இறுக்கியது. மீதிப் பாதிக் காரணம் மனசு. 'நான் கொல்லலியே, விளையாடிட்டு விட்டுட்டேனே' என்கிற நிம்மதி.

இப்போது சுவிட்சர்லாந்துக்கு வாருங்கள். 2008-ல் அமலுக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிப்படி, விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதுதான் அங்கே குற்றம்! சாப்பிடப் பிடிக்கிறாயா, சரி. உன் சந்தோஷத்துக்காக ஓர் உயிரை எதற்கு வதைக்கிறாய்?

ஒரே காரியம். ஓர் இடத்தில் கருணை, இன்னோர் இடத்தில் கொடுமை. எது சரி?

மீனுக்கு வலிக்குமா என்பதே பழைய சண்டை. 2003-ல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்கிற விஞ்ஞானியும் சகாக்களும் ட்ரௌட் மீன்களின் உதட்டில் அமிலம் ஏற்றிப் பார்த்தார்கள். அவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. வெகுநேரம் இரையைத் தொடவில்லை. 'இது வலி என்று சொல்லிவிட முடியாது' என்று வாதாடும் விஞ்ஞானிகளும் உண்டு. ஆனால், தூண்டிலில் மாட்டிய மீன் உயிரைக் கொடுத்து இழுக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தூண்டில்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிஜ இரையை மீன் ஆழமாக விழுங்கிவிடும். பொய் மீனின் கொக்கி பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். விட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் சாகும் மீன்களோ கோடிக்கணக்கில். தட்டில் வஞ்சிர வறுவலை வைத்துக்கொண்டு, 'அடப் பாவி' என்று அவரைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை?

சரி, திட்ட வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேட்போம். 'சூரிய உதயம், அலை, அமைதி... இதுக்காகத்தான் சார் வர்றேன். மீன் ஒரு சாக்கு' என்கிறாரே, அப்படியானால் கொக்கியைக் கழற்றிவிட்டு வீசுவாரா?

மாட்டார். நீங்களும் மாட்டீர்கள், நானும் மாட்டேன். கம்பு வளைந்து, கை நடுங்கும் அந்தக் கணத்துக்காகத்தான் நூறு வெறும் விடியற்காலைகள். அந்த நடுக்கம் இன்னோர் உயிரின் பயம். நம் பரவசத்துக்கான செலவை மீன்தான் கொடுக்கிறது.

நான் ஆட்சேபிப்பது அவர் கணக்கு எழுதும் விதத்தை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் அது கடன் அடைத்தது; அதைத் தர்மக் கணக்கில் எழுதக் கூடாது. நாம் எழுதுகிறோமே! ஊழியரை ரூமுக்குக் கூப்பிட்டு, வேலை போய்விடும் என்று அரை மணி நேரம் மிரட்டிவிட்டு, 'சரி, போ, இந்தத் தடவை விட்டுட்டேன்' என்கிறார் மேனேஜர். அன்று ராத்திரி, தான் ரொம்ப இளகிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டே தூங்குகிறார். அந்த ஊழியர் தூங்கினாரா?

சிறிய மீனை விட்டாக வேண்டும், அது கடமை. அளவும் சட்டமும் இடம் கொடுத்தால், ஒன்றைப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து, அன்றைக்குக் கம்பை மடித்து வைக்கிறவரை எனக்குப் புரிகிறது. பத்தைப் பிடித்துப் பத்தையும் விட்டுவிட்டு, 'ஒண்ணைக்கூடக் கொல்லலை' என்று பெருமைப்படுகிறவரைவிட அவர் கணக்கு சுத்தம்.

விடும்போது மீனை உடனே உதற மாட்டார்கள். தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, அது மூச்சு திரும்பி வாலை அசைக்கும் வரை காத்திருப்பார்கள். ஒரு நிமிஷம் ஆகலாம், இரண்டு நிமிஷம் ஆகலாம். அந்த நேரத்தில் மனசில் ஓடுவது பெருமையா, கொஞ்சம் கூச்சமா? கூச்சப்படுகிறவர் நாளைக்கும் வரட்டும். ஆனால், கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று நினைக்கிறேன்.