நால்வரின் உழைப்பும் ஒரு மதிப்பெண்ணும்

கல்லூரியில் நான்கு மாணவர்கள் கூடி ஒரு செயல்திட்டம் செய்கின்றனர். ஒருவர் இரவெல்லாம் கண்விழிக்கிறார். மதிப்பெண்ணோ நால்வருக்கும் ஒன்றே. இது முறையாகுமா?

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் 1913-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கையில் ஒவ்வொருவரின் பங்கும் தனித்து இழுப்பதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. சோம்பல் மட்டுமே காரணமன்று. ஒருங்கிணைந்து இழுக்க இயலாமையும் உண்டு. அவரவர் முயற்சி தனித்தனியே அறியப்படும்போது சோம்பல் விலகுகிறது என்பதை 1981-இல் அமெரிக்க உளவியலாளர்கள் சோதனையில் கண்டனர். பிறர் காண்கிறார் என்பதற்காக உழைப்பது உயர்ந்த கடமையுணர்வு ஆகாதுதான். ஆயினும் தோழர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு ஒதுங்குவதைவிட அது மேல்.

2006-இல் வந்த கூகுள் டாக்ஸ் போன்ற கருவிகளில், எவர் எந்நாளில் எதை எழுதினார் என்பது பதிவாகிவிடுகிறது. ஆசிரியர் இறுதிநாள்வரை காத்திராது இரண்டாம் வாரத்திலேயே அதைப் பார்த்தால், ஒதுங்கி நிற்பவரை அழைத்துப் பேசலாம். அவர் சோம்பேறியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வீட்டில் கணினி இல்லாதவராகவோ, மற்றவர்களால் பேசவே விடப்படாதவராகவோ இருக்கலாம்.

ஆனால், அப்பதிவு எழுத்தை மட்டுமே அறியும். பிணங்கி நின்ற இருவரை அமர்த்திப் பேசி, பணி நின்றுவிடாமல் காத்த மாணவியின் உழைப்பு அதில் ஒரு வரியிலும் இராது. அதனை மற்ற மூவரிடமும் தனித்தனியே கேட்டுத்தான் ஆசிரியர் அறியவேண்டும்.