ஈரப் புல்

ஐப்பசி. தாராசுரம் கோயில் முற்றத்தில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. பலிபீடத்தைச் சுற்றி நீர் தேங்கி நிற்கிறது.

புல்தரையில் வெறுங்கால். பாதம் ஒரு விரற்கடை வழுக்குகிறது. பிறகு நிற்கிறது.

மண்டபத்தின் கல் சக்கரம். இரண்டாம் ராஜராஜன் காலத்தது. குதிரை இழுக்கிறது. தேர் நகரவில்லை.

மேகத்துக்குள் ஓர் இரைச்சல். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தின் சுகோய் போர் விமானமாக இருக்கலாம். 2020 முதல் அவை அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு நீண்ட கெட்டித் தளம் வேண்டும்.

சிறிய விமானத்துக்குப் புல்வெளி போதும்.

போதும் என்ற இடத்தில் மனம் தயங்குகிறது.

காய்ந்த புல்லில் இறங்கும் விமானம் நிற்பதற்கு, தார்ப்பாதையைவிட 15 சதவீதம் கூடுதல் தூரம் வேண்டும். ஈரப் புல்லில் 35. ஒட்ட வெட்டிய ஈரப் புல்லானால் 60 வரை. பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் விமானிகளுக்குத் தரும் கணக்கு இது. பிரேக் பிடிக்கிறது. சக்கரம் சுழல்வதில்லை. விமானம் போய்க்கொண்டே இருக்கிறது. எதிரே வேலி, வரப்பு, மரம்.

வால் சக்கரம் வைத்த பழைய விமானங்கள். எடை, முன் சக்கரங்களுக்குப் பின்னால். ஓட்டத்தில் மூக்கு சற்று விலகினாலும் பின்னாலுள்ள எடை முந்தப் பார்க்கிறது. ஒரு சுழற்சி. இறக்கை நுனி மண்ணைக் கீறுகிறது.

மூக்குச் சக்கரம் உள்ளவை வேறு மாதிரி. இளகிய மண்ணில் சக்கரம் புதைகிறது. புரொப்பெல்லர் தரையில் அடிக்கிறது. சில சமயம் விமானமே குப்புறக் கவிழ்கிறது.

எல்லாமே தரையைத் தொட்ட பிறகு. இறங்கியாயிற்று என்று மூச்சு வெளியேறும்போது. பிடி தளரும்போது.

அந்த மூச்சை இப்போது கவனிக்கிறேன். அது தானாகவே வெளியேறுகிறது.

இளகிய தரையில் விமானி மூக்கைத் தூக்கியே வைத்திருக்கிறார். பாரத்தை இறக்கை முடிந்தவரை சுமக்கிறது. மூக்குச் சக்கரம் கடைசியாகத்தான் மண்ணைத் தொடுகிறது.

மறுபடி தூறல். புல் சற்றே சாய்கிறது.

1932 அக்டோபர் 15. ஜே. ஆர். டி. டாட்டா தபால் பைகளோடு கராச்சியிலிருந்து கிளம்புகிறார். ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானம். அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹூ. அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவருகிறார்.

ஜூஹூ அப்போது வெறும் தரை. மழைக்காலத்தில் அது சேறாகிறது. அந்த மாதங்களில் யாரும் அங்கே இறங்கிப் பார்ப்பதில்லை. தபால் விமானங்கள் புனேவுக்கு மாறுகின்றன. மழை ஓயும்வரை அங்கிருந்தே பறக்கின்றன.