ஆய்வு முடிந்த மறுநாள்

1990களில் அமெரிக்காவின் டென்வர் நகரில், பார்க்கின்சன் நோய் முற்றிய நாற்பது பேருக்கு நெற்றியில் துளை போட்டார்கள். தோல் மரத்துப்போக ஊசி போட்டதோடு சரி. எல்லோரும் விழிப்போடுதான் இருந்தார்கள். இருபது பேருக்கு அந்தத் துளை வழியாக, கருவிலிருந்து எடுத்த நரம்புத் திசு மூளைக்குள் வைக்கப்பட்டது. மற்ற இருபது பேருக்கு எலும்பைத் துளைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு இப்படித்தான் நடக்கும் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். யார் எந்தப் பாதி என்பதை மட்டும் ஓராண்டுக்கு மறைத்தார்கள்.

நோய் தீர்க்க வேண்டிய கை, ஒன்றையும் வைக்காமல் மூடுவதற்காக ஒருவரின் மண்டையோட்டைத் துளைக்கலாமா? 1999இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இதற்கு இரண்டு பதில்கள் வெளிவந்தன. தாமஸ் ஃப்ரீமேனும் அவருடைய சகாக்களும் போலி அறுவை தேவை என்று வாதிட்டார்கள். அறவியலாளர் ரூத் மேக்லின் கூடாது என்றார். நோயாளிக்கு எந்த நன்மையும் தராத ஆபத்தை, மற்றவர்களின் நன்மைக்காக அவர் உடம்பில் ஏற்றுவது மருத்துவத்தின் அடிப்படைக்கே முரண் என்பது அவருடைய வாதம். கேட்டவுடனே மனம் அவர் பக்கம்தான் சாயும்.

ஆனால் இந்த நோயின் இயல்பு அந்த வாதத்தைச் சிக்கலாக்குகிறது. பார்க்கின்சனில் மூளையின் அடிப்பகுதியில் டோப்பமைனைச் சுரக்கும் செல்கள் செத்துக்கொண்டே போகின்றன. 2001இல் கனடாவின் வான்கூவரில் வெறும் உப்புநீர் ஊசி போட்டு மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, மருந்து வருகிறது என்று எதிர்பார்த்த நோயாளிகளின் மூளையில் டோப்பமைன் நிஜமாகவே சுரந்தது. 2015இல் வெளிவந்த சின்சினாட்டி ஆய்வு இன்னும் சங்கடமானது. பன்னிரண்டு நோயாளிகளிடம் இரண்டு ஊசிகளைக் காட்டி, ஒன்று 100 டாலர், மற்றது 1,500 டாலர் என்று சொன்னார்கள். இரண்டிலும் இருந்தது உப்புநீர்தான். விலை கூடியது என்று சொல்லப்பட்ட உப்புநீர் கைகால்களைக் கூடுதலாக இயங்கவைத்தது. டென்வர் ஆய்விலும் இதே கதைதான். தனக்குத் திசு வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள், உண்மையில் வைத்தார்களோ இல்லையோ, தங்கள் வாழ்க்கை மேம்பட்டதாகச் சொன்னார்கள். பல நோய்களில் நம்பிக்கை பெரும்பாலும் மனத்துக்கு ஆறுதல். இந்த நோயில் அது மருந்தின் வேலையையே கொஞ்சம் செய்துவிடுகிறது. எனவே புதிய சிகிச்சை உண்மையில் வேலை செய்கிறதா என்பதை, யாருக்கு எது என்பதை மறைக்காத ஒப்பீட்டால் மட்டும் அறிய முடியாது.

அறியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1987இல் மெக்சிகோவில், நோயாளியின் சொந்த அட்ரினல் சுரப்பியின் திசுவை மூளையில் வைத்து இரண்டு பேர் வியக்கத்தக்க அளவு தேறியதாக அறிக்கை வந்தது. ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் வயிற்றையும் தலையையும் திறந்து இதைச் செய்துகொண்டார்கள். சிலர் இறந்தார்கள். பலன் நிலைக்கவில்லை, சத்தமில்லாமல் அந்த அறுவை கைவிடப்பட்டது. டென்வரின் இருபது பேரின் வெற்றுத் துளைகளை இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால், ஆபத்து சிறிதாகவும் உண்மை முழுதும் சொல்லப்பட்டும் இருந்தால், போலி அறுவைக்கு இடம் உண்டு என்றே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. மனம் ஒப்பாவிட்டாலும்.

முற்றிய நோயாளியின் சம்மதம் சம்மதமே ஆகாது என்று ஒரு மறுப்பு உண்டு. அந்த நிலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். சின்டோபா என்ற பெயரில் நம் ஊர் வீடுகள் பலவற்றில் புழங்கும் லெவோடோபா, முதல் சில ஆண்டுகள் அற்புதம் போலத்தான் வேலை செய்கிறது. பிறகு நாளே மாத்திரைக்கு ஏற்பத் துண்டுதுண்டாகிறது. மருந்து ஏறியிருக்கும் ‘ஆன்’ நேரத்தில் உடம்பு தன்னிச்சையாக நெளிகிறது. இறங்கிய ‘ஆஃப்’ நேரத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது; குரல் தேய்கிறது; விழுங்குவது சிரமம்; படுக்கையில் புரள்வதற்கும் மனைவியோ மகனோ எழுந்து வர வேண்டும். சிலருக்கு இல்லாத ஆட்கள் அறையில் நிற்பது போலத் தெரிகிறது. இப்படி வாழ்பவர் “எதையாவது செய்து பாருங்கள்” என்றால், அது புத்தி கலங்கியவரின் பேச்சு என்று ஒதுக்குவது மரியாதைக் குறைவு. விளிம்பில் நிற்பவருக்கும் கணக்குப் போடத் தெரியும். அவர் கணக்கில் ஐந்தாண்டுக் காத்திருப்பின் விலை மிக அதிகம், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மறுப்பாளர்கள் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகள் சிலரைச் சூதாட்டத்துக்கும் கண்மூடித்தனமான செலவுக்கும் தள்ளும் என்பது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. ஆபத்தைத் துணிந்து ஏற்கும் மனநிலை நோயாளியுடையதா, மாத்திரையுடையதா? கையெழுத்து வாங்குமுன் இதைச் சோதிப்பதும், ‘ஆஃப்’ நேரத்தில் ஒருமுறையும் ‘ஆன்’ நேரத்தில் ஒருமுறையும் அவரிடம் பேசிப் பார்ப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை.

போலி அறுவைக்கு இடம் கொடுத்த கையோடு, அதன் மறுபாதியையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். இத்தகைய ஆய்வில் சேர்பவர் சிகிச்சை பெற வந்தவராக மட்டும் இல்லை. இனி வரப்போகும் நோயாளிகளுக்காகத் தன் தலையைத் தருபவர். மேக்லினின் கேள்விக்குக் கிடைக்கும் ஒரே நேர்மையான பதில் இதுதான். அப்படியானால் தந்தவருக்கு வாங்கியவர் கடன்பட்டிருக்கிறார். ஆய்வின் கடைசி நாளோடு அந்தக் கடன் எப்படித் தீரும்?

இதை நீதிமன்றம்வரை கொண்டுபோன வழக்கு ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் தொடர்பானது. ஜிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம், சாகும் நரம்புச் செல்களைக் காக்கக்கூடும் என்று கருதப்பட்டது. ரத்தத்தின் வழியாக அது மூளையை எட்டாது. எனவே வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்பைப் பதித்து, அங்கிருந்து குழாய் வழியாக மூளைக்குள் செலுத்தினார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஐந்து பேரிடமும், அமெரிக்காவின் கென்டக்கியில் பத்துப் பேரிடமும் நடந்த முதல் முயற்சிகள் நம்பிக்கை தந்தன. அவற்றில் போலிக் குழு கிடையாது. போலிக் குழுவோடு 34 பேரிடம் நடத்திய ஆய்வு 2004இல் தோற்றது. சிலர் உடம்பில் அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகியிருந்தன. அதிக அளவு கொடுக்கப்பட்ட குரங்குகளுக்குச் சிறுமூளையில் சேதம் தெரிந்தது. நிறுவனம் எல்லோருக்கும் மருந்தை நிறுத்தியது. தங்களுக்குப் பலன் தெரிந்தது, ஆபத்தை நாங்களே ஏற்கிறோம் என்று சொன்ன நோயாளிகள் நியூயார்க்கிலும் கென்டக்கியிலும் வழக்குப் போட்டார்கள். தோற்றார்கள். தொடர்ந்து மருந்து தருவதாக நிறுவனம் ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை என்பதே தீர்ப்புகளின் சாரம்.

நிறுவனத்தை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அதன் அச்சம் பொய்யில்லை. அந்த எதிர்ப்பொருள்கள் உடம்பு தானாகச் சுரக்கும் புரதத்தையும் தாக்கினால், போன பிறகு மீட்க வழியில்லை. நோயாளிகள் உணர்ந்த பலனுக்கும் சின்சினாட்டியின் விலையுயர்ந்த உப்புநீருக்கும் வேறுபாடு சொல்ல, அன்றைக்கு யாரிடமும் அளவுகோல் இல்லை. அதே சமயம் பிரிஸ்டலில் மருந்து பெற்றவர்களில் ஒருவர் மாரடைப்பால் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்ததில், மருந்து இறங்கிய பக்கத்தில் நரம்பிழைகள் துளிர்த்திருந்தது தெரிந்தது. 2005இல் அது வெளியானது. நம்பியவர்கள் வெறும் கற்பனையில் இல்லை என்பதற்கும் இவ்வளவு தடயம் இருந்தது.

பிரிஸ்டல் விடவில்லை. ஸ்டீவன் கில் என்ற அறுவை நிபுணர் வடிவமைத்த கருவியில், காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த ஒரு வாயிலிலிருந்து நான்கு மெல்லிய குழாய்கள் மூளைக்குள் சென்றன. 41 பேர் இதில் சேர்ந்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்து மருந்து ஏற்றிக்கொண்டார்கள். முதல் ஒன்பது மாதம் பாதிப் பேருக்குப் போலி மருந்து. அடுத்த ஒன்பது மாதம் எல்லோருக்கும் உண்மையான மருந்து. 2019இல் முடிவுகள் வந்தன. மருந்து பெற்றவர்களின் மூளைப் படத்தில் தெளிவான முன்னேற்றம். அவர்களின் நடையிலும் கைவேலையிலும் போலி மருந்துக் குழுவைவிடச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஒன்றரை ஆண்டு முடிவில் இரண்டு குழுவுமே தொடக்கத்தைவிட நன்றாகத் தேறியிருந்தன, ஆனால் அப்போது ஒப்பிட யாருமில்லை. ஆய்வு முடிந்தது, மருந்து நின்றது.

மருத்துவ ஆய்வின் அறநெறிகளை வகுக்கும் ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013 திருத்தம் இப்படிப்பட்ட நிலைக்கென்றே ஒரு விதி வைத்தது. ஆய்வில் பயனுள்ளதெனக் கண்ட சிகிச்சை இன்னும் தேவைப்படுபவர்களுக்கு, அது கிடைக்கும் ஏற்பாட்டை ஆய்வு தொடங்கும் முன்பே செய்துவைக்க வேண்டும். படிக்க நன்றாக இருக்கிறது. யாருக்குப் பயன் கண்டது என்று கேட்டவுடன் விதி வாயை மூடிக்கொள்கிறது. சராசரி இல்லை என்கிறது. மூளைப் படம் ஆம் என்கிறது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டவர் ஆம் என்கிறார். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்து மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் ஓரளவு துணிந்து, அந்த ஒரு நோயாளிக்குப் பயன் தெரிந்ததாக ஆய்வு மருத்துவர் சொன்னால், மாற்றுச் சிகிச்சை இல்லாத நோய்க்கு மருந்தை இலவசமாகத் தொடர வழி வைத்திருக்கின்றன. அதற்கு விலை ஒன்று உண்டு. அதன்பின் நேர்வதற்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று நோயாளி எழுதிக் கொடுக்க வேண்டும்.

மருந்தைத் தொடர்ந்து கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் போலிக் குழுவுக்காக முன்வைத்த வாதமே கவிழ்ந்துவிடும். ஒருவரின் உணர்வு போதாது என்றுதானே அவர் நெற்றியைத் துளைத்தார்கள்? கடன் வேறு வகையானது. பதித்த கருவியைப் பராமரிக்கும் அல்லது எடுக்கும் செலவு, நிறுத்தியபின் சரிவைக் கவனிக்கும் மருத்துவர், அவரவர் தரவை அவரவர்க்குத் திறந்து காட்டுவது, நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் மேசையில் நோயாளிகளுக்கும் ஓர் இருக்கை. இவற்றில் எதற்கும் மருந்து வெற்றி பெற்றிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆய்வு என்ற பெயர்கூட இல்லாமல் ஸ்டெம் செல் ஊசியை லட்சக்கணக்கில் விற்கும் கடைகளைப் பற்றி அதிகம் எடைபோட ஒன்றுமில்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி பார்க்கின்சனுக்கு அதைச் சிகிச்சையாக விற்கவே கூடாது. விலை கூடினால் பலன் கூடியதாகத் தோன்றும் நோய் இது என்பது, சின்சினாட்டி ஆய்வைப் படிக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடினமான கேள்வி முறையான ஆய்வுகளில்தான் மீதமிருக்கிறது. கியோட்டோவில் ஏழு பேர் மூளையில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்களை வைத்து, இரண்டாண்டு கவனித்த முடிவு 2025இல் வந்தது. பெரிய தீங்கில்லை, சிலருக்குத் தேறுதல், ஒப்பீட்டுக் குழு இல்லை. அமெரிக்காவில் இதே போன்ற செல்களுக்கான அடுத்த கட்ட ஆய்வு, போலி அறுவைக் குழுவோடுதான் வடிவமைக்கப்பட்டது. பம்பை நிறுத்தலாம், குழாயை உருவலாம். வைத்த செல்லைத் திரும்ப எடுக்க முடியாது. டென்வரில், வெற்றுத் துளைக் குழுவிலிருந்து பின்னர் திசு பெற்றவர்களையும் சேர்த்து, திசு பெற்ற 33 பேரில் ஐந்து பேருக்கு, ஓராண்டுக்கும் பிறகு உடல் தானாக முறுக்கிக்கொள்ளும் கோளாறு வந்தது. மாத்திரையைக் குறைத்தும் அது போகவில்லை. இந்தச் செல்களை வைக்கும் நிறுவனம் பத்தாண்டில் கைமாறலாம், மூடப்படலாம். செல் நோயாளியோடு இருக்கும். எனவே அதற்கான வாழ்நாள் மருத்துவச் செலவை, நிறுவனம் தொட முடியாத ஒரு கணக்கில், முதல் துளை போடுமுன்பே கட்டிவைக்கச் சொல்லும் துணிச்சல் அறநெறிக் குழுக்களுக்கு வேண்டும். கட்ட மறுக்கும் நிறுவனத்துக்கு அனுமதி மறுத்தால் ஆய்வு தாமதமாகும். அந்தத் தாமதத்தின் விலையைக் கட்டப்போவதும் கால் தரையோடு ஒட்டி நிற்கும் அதே ஆட்கள்தான். அது தெரிந்தேதான் மறுக்க வேண்டியிருக்கும்.