முதலில் தாங்கினான், பிறகுதான் பேசினான்

ஓம் சரவணபவ!

இந்தக் கிருத்திகைக்கு ஒரு கஷ்டமான விஷயம் பேசணும். நம்ம வீட்டுப் பிள்ளைகளின் போதைப் பழக்கம்.

"நம்ம கோயமுத்தூர்லயா?"ன்னு கேக்காதீங்க. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பசங்க, அதை விற்றவர்கள் கைது என்று கோவைச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. டபென்டடால் என்கிற அந்த மாத்திரை ஓபியாய்டு வகை. ஹெராயின் போலவே மூளையைப் பிடித்துக்கொள்ளும்.

சரவணம்பட்டியில் என்னோடு ரூமில் இருந்த நண்பன் ஒருத்தன். முதலில் மாத்திரை, அப்புறம் குடியும் சேர்ந்தது, ஒரு பார்ட்டியில் கொக்கைனும். ஒரு ராத்திரி, "மச்சி, என்னால விட முடியலடா. ஏதாவது பண்ணு"ன்னான்.

நான் சொன்னது இதுதான்: "பழனிக்கு நடந்து போலாம். முருகன் பாத்துக்குவான்."

தைப்பூச நடை கிளம்பின அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டான். பொள்ளாச்சி தாண்டுறதுக்குள்ள வாந்தி, பேதி, நடுக்கம், உடம்பெல்லாம் முறுக்கல். "விரதம் சரியா இருந்திருக்க மாட்டான்"னு கூட வந்தவங்க பேசினது அவன் காதில் விழுந்தது. பாதியிலேயே பஸ் ஏறிப் போயிட்டான். ஆறு மாசம் என் போனை எடுக்கல.

அது பக்திக் குறைவு இல்லைங்க. ஓபியாய்டைத் திடீர்னு நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் தவிக்கும். அதற்கு மருந்து இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற சிரமத்தை நான்தான் முருகன் பேரைச் சொல்லித் தள்ளிவிட்டேன்.

அருணகிரிநாதர் வரலாறு நமக்கெல்லாம் தெரியும். தவறான வழியில் எல்லாம் இழந்து, அக்கா சொன்ன ஒரு சொல் தாங்காமல், வெட்கத்தில் திருவண்ணாமலைக் கோபுரத்தில் ஏறிக் குதித்தார். முருகன் என்ன செய்தான்? "ஏன்டா இப்படிக் கெட்டே?" என்று கேட்டானா? முதலில் கை நீட்டித் தாங்கினான். உபதேசம், வேலால் நாவில் எழுதியது, திருப்புகழ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாம் தலைகீழாகச் செய்கிறோம். விழுகிறவனுக்கு முதலில் உபதேசம். வெட்கம்தான் அவனைக் கோபுரத்தில் ஏற்றியது; நாம் இன்னும் நாலு படி ஏற்றிவிடுகிறோம்.

தாங்குறது எப்படின்னு சொல்றேன். 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை. மனசு உடைஞ்சிருந்தா டெலி மானஸ் 14416. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்க. கேஸ் ஆயிடுமோன்னு பயந்து ஒளிய வேண்டாம். 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில், பயன்படுத்தியதற்காக வழக்கில் சிக்கினவங்களும் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் விலக்குப் பெற வழி இருக்கு.

இரண்டு எச்சரிக்கை. கொக்கைனும் ஓபியாய்டும் சேர்த்து எடுத்தால், கொக்கைனின் வேகம் சீக்கிரம் அடங்கும். அதற்குப் பிறகு ஓபியாய்டு மூச்சை மெல்ல நிறுத்திவிடும். மது சேர்ந்தால் இன்னும் ஆபத்து. கொஞ்ச நாள் விட்டிருந்தவன் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, உயிரே போகலாம். ஆள் எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் யோசிக்காம 108.

நண்பன் போன வருஷம் அவனே கூப்பிட்டான். இந்தத் தடவை நான் ஒண்ணும் பேசல, பைக்கை எடுத்தேன். டாக்டரைப் பார்த்துட்டு வரும்போது, "மருதமலை போலாமாடா?"ன்னு அவன்தான் கேட்டான். நடுவில் ஒரு முறை சறுக்கினான். திரும்ப டாக்டரிடம் போனோம். இன்னும் சிகிச்சையில்தான் இருக்கான்.

மருந்தைக் கொடுக்கிற கையும் அவன் கைதான். பன்னிரு கைகளில் ஒன்று நம்முடையதாகவும் இருக்கட்டும்.

உங்க வீட்டிலோ ரூமிலோ ஒருத்தர் இருந்தா, இன்னைக்கே பக்கத்தில் போய் உக்காருங்க. இதை நாலு பேருக்கு அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!