அன்ஸாரிகளின் உள்ளம் நமக்கு இருக்கிறதா?

அல்ஹம்துலில்லாஹ். ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

அன்புக்குரிய சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், அடுத்து உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

ஹிஜ்ரத் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் ஸஃத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள். வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் தம் செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரோ பரகத்துக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்.

இது வந்த புதிதில் நடந்தது. சில வருடங்கள் கழிந்த பிறகு?

ஹிஜ்ரி 4இல் பனூ நளீர் கூட்டத்தாரின் நிலங்கள் கைக்கு வந்தன. நபி (ஸல்) அவர்கள் அவற்றை முஹாஜிர்களுக்கே பங்கிட்டார்கள். அன்ஸாரிகளில் வறுமையில் இருந்த ஸஹ்ல் இப்னு ஹுனைஃப், அபூ துஜானா (ரலி) போன்ற ஓரிருவருக்கே கொடுத்தார்கள். வீட்டையும் தோட்டத்தையும் பகிர்ந்தவர்கள் அன்ஸாரிகள். ஆனாலும் "எங்கள் பங்கு எங்கே?" என்று அவர்கள் மனம் புழுங்கவில்லை. ஸூரா அல்ஹஷ்ர் 9ஆவது வசனத்தில் அல்லாஹ் புகழ்வது அவர்கள் கொடுத்ததை மட்டுமல்ல. மற்றவருக்குக் கிடைத்ததைக் கண்டு காழ்ப்புக் கொள்ளாத அந்த உள்ளத்தையும் புகழ்கிறான்.

சகோதரர்களே! இந்தச் சோதனை நம் காலத்திலும் வந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார் மக்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். சோறு சமைத்துக் கொடுத்தார்கள். தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். அல்லாஹ் அதைக் கபூல் செய்வானாக!

ஆனால் மாதங்கள் வருடங்களாகின. பாடசாலையில் இடம் நெருக்கடியானது. கூலி வேலைக்குப் போட்டி வந்தது. வந்தவருக்கு நிவாரணம் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஏழைக்குக் கிடைக்கவில்லை. அந்த ஏழையின் மனவருத்தத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். ஏழை அன்ஸாரியை நபி (ஸல்) அவர்கள் மறக்கவில்லை. நாமும் மறக்கக் கூடாது.

ஆனால் புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையையும் "அகதி" என்று அழைக்கிறோமே, அந்தப் பிள்ளை எந்த ஊரிலிருந்து ஓடி வந்தது? மதீனாவில் முஹாஜிர் என்பது கண்ணியமான பெயர். நம் வாயில் அகதி என்பது ஏச்சாகிவிட்டது.

சோறு கொடுப்பது எளிது. பங்கு கொடுப்பதுதான் கடினம். உங்கள் மஹல்லாவிலும் வேறு ஊரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கும். நோன்புக் கஞ்சி கொடுக்கிறோம். பள்ளி நிர்வாகத்தில் இடம் கொடுக்கிறோமா? மாப்பிள்ளை பார்க்கும்போது மார்க்கத்தைப் பார்க்கிறோமா, ஊரைப் பார்க்கிறோமா? மையவாடியில் ஜனாஸாவை அடக்க வந்தால், முகம் சுளிக்காமல் குழி வெட்டுகிறோமா?

இன்று ஜும்ஆ முடிந்ததும் அப்படி ஒருவருக்கு ஸலாம் சொல்லுங்கள். பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லியே இனி அழையுங்கள்.

யா அல்லாஹ்! வீடிழந்தவர்களுக்கு வீட்டைக் கொடுப்பாயாக! எங்களுக்கு அன்ஸாரிகளின் உள்ளத்தைக் கொடுப்பாயாக! ஆமீன்.