மூடிய கேஸுக்குள் ஒரு கிராம்

ஒரு வேலை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை, அந்த வேலையைச் செய்யத் தெரியாத ஒருவரால் சொல்ல முடியுமா?

தோசை விஷயத்தில் முடியும். சுடத் தெரியாதவருக்கும் சாப்பிடத் தெரியும். சட்டை தைப்பதிலும் ஓரளவு முடியும், போட்டுப் பார்த்தால் தோள்பட்டை இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். பல் வைத்தியம், வீட்டு அஸ்திவாரம், நான் தினமும் எழுதுகிற மென்பொருள் என்று போகப் போக இது கடினமாகிக்கொண்டே வருகிறது. பிளேட்டோவின் 'கார்மிடீஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் இதை மருத்துவரை வைத்துக் கேட்கிறார். மருத்துவம் தெரியாத ஒருவர் உண்மையான மருத்துவரையும் போலியையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? அந்த உரையாடல் திருப்தியான பதில் எதுவும் கிடைக்காமலேயே முடிந்துபோகிறது.

இந்தக் கேள்வியை நான் ஒரு இரும்புத் துண்டை வைத்து யோசிக்க விரும்புகிறேன். கிராங்க்ஷாஃப்ட். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதைச் சக்கரம் சுற்றும் சுழற்சியாக மாற்றுகிற பாகம். இதைத் தேர்ந்தெடுக்க நான் இருக்கும் ஊர்தான் காரணம். பேரிகை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒரு சாலை மாலூருக்குப் போகும், இன்னொன்று ஓசூருக்கு. டீக்கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். சுற்றிலும் தக்காளியும் கோஸும் விளைகின்றன. ஆனால் வீட்டுக்கு ஒருவராவது "கம்பெனி"க்குப் போகிறார். கம்பெனி என்றால் பெரும்பாலும் ஓசூர். டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் அங்கிருந்துதான் வந்தது. 1982-ல் டிவிஎஸ் ரேசிங் தொடங்கியது. 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தது. பிஎம்டபிள்யூவின் ஜி 310 பைக்குகளும் ஓசூரில்தான் தயாராகின்றன. எனவே இந்தப் பகுதியில் கிராங்க், பேலன்ஸ் என்பவை சாதாரணமாகப் புழங்கும் சொற்கள்.

தொழிற்சாலைக்குள் இந்த வேலைக்கு மெஷின் உண்டு, பதிவேடு உண்டு, தரச்சோதனைக்குத் தனி ஆள் உண்டு. வெளியே இருப்பது வேறு உலகம். 1996-ல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100-ஐ இன்னும் விடாமல் ஓட்டுகிற பையன்கள், அதில் 135 பிளாக்கை மாட்டுகிறவர்கள், இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ இன்ஜின் தயார் செய்கிறவர்கள் எல்லோரும் லேத் பட்டறைகளைத்தான் நம்புகிறார்கள். "கிராங்க் பேலன்ஸ் பண்ணிட்டேன்ணா" என்று பட்டறைக்காரர் சொல்வார். பணம் கொடுத்து வாங்கி வருவோம். கேஸை மூடியதும், அந்த வேலையை யாரும் பார்க்க முடியாது.

முதலில், எவ்வளவு சின்ன விஷயத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். ஆர்எக்ஸ் 100-ன் ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர். கிராங்க் பின், மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 7500 ஆர்பிஎம்மில் அந்த இடத்தில் ஒரே ஒரு கிராம் கூடுதலாக இருந்தால், அது வெளிப்பக்கமாக இழுக்கும் விசை கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமம். நொடிக்கு 125 தடவை திசை சுற்றிச் சுற்றி இழுக்கும். பத்து கிராம் என்றால் பதினைந்து கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் ஆபீஸ் போகிற வண்டியில் மன்னிக்கப்படுகிற தவறு, ரேஸ் இன்ஜினில் மன்னிக்கப்படுவதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பட்டறையில் "பேலன்ஸ்" என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு பக்கத் தகடுகளையும் பின்னையும் கன்ராடையும் சேர்த்து பிரஸ்ஸில் அழுத்திப் பொருத்துகிறார்கள். பிறகு இரண்டு சென்டர்களுக்கு நடுவில் வைத்துச் சுற்றி, டயல் கேஜில் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, செம்புச் சுத்தியலால் தட்டி நேராக்குகிறார்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிக்கும் குறைவான கோணலுக்குள் கொண்டுவர வேண்டும். இது நேராக்குவது. எடையைச் சமன் செய்வது வேறு வேலை. ஒரு கிராங்க் கச்சிதமாக நேராக இருந்தும் எடை தப்பாக இருக்கலாம். முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதன் பெயரைச் சொல்வதில் ஏமாற்றும் நோக்கம் இல்லாமலும் இருக்கலாம், பழக்கமாக இருக்கலாம். ஆனால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, தெரியாதவர் எதை வைத்து மதிப்பிடுகிறார்? மூன்று சாட்சிகளைக் கூப்பிடுகிறோம்.

முதல் சாட்சி நம் உடம்பு. "ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்ணா." உண்மையில் கொஞ்சம்தான் தெரியும். கைப்பிடியில் வருகிற அதிர்வு கிராங்கிலிருந்து மட்டும் வருவதில்லை. இன்ஜின் மவுண்ட் ரப்பர், செயின், ஃபிரேம், ஹேண்டில்பாரின் முனையில் இருக்கும் வெயிட் எல்லாம் சேர்ந்துதான் கைக்கு வந்து சேருகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஃபிரேமும் சேர்ந்து அதிர ஆரம்பித்தால் நல்ல கிராங்கும் மோசமாகத் தெரியும். மோசமான கிராங்க், மவுண்ட்டின் தயவில் சாதுவாக இருக்கும். போதாக்குறைக்கு, காசு கொடுத்தபின் ஸ்மூத்தாக இருக்கிறது என்று நம்பும் ஆசையும் நமக்கு உண்டு. முக்கியமான விஷயம், கெட்ட வேலையின் தண்டனை உடனே வருவதில்லை. பேரிங் மாதக்கணக்கில் தேய்கிறது. ஒருநாள் தேசிய நெடுஞ்சாலை 44-ல், பின்னால் லாரி வரும்போது, பிக் எண்ட் பேரிங் உடைந்து பின்சக்கரம் இறுகி நின்றுவிடலாம். அப்போதும் "ஆயில் கம்மியா கலந்திருப்பான்" என்றுதான் பேச்சு வரும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிட்டால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

இரண்டாவது சாட்சி காகிதம். பேலன்ஸிங் மெஷின் ஒரு சீட்டு அடித்துத் தரும். அதில் எவ்வளவு கிராம்-மில்லிமீட்டர் மிச்சம் என்று எழுதியிருக்கும். இந்த "மிச்சம்" என்ற சொல் எனக்குப் பிடிக்கும். சுழலும் பாகங்களுக்கான ஐஎஸ்ஓ தரநிலை பூஜ்யத்தைக் கேட்பதில்லை, எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. உதாரணமாக ஜி 6.3 என்ற தரத்தில், 6000 ஆர்பிஎம்மில் சுற்றும் பாகத்தின் எடைமையம் சுழற்சி மையத்திலிருந்து ஏறக்குறைய 10 மைக்ரான் விலகியிருக்கலாம். அதனால், பூஜ்யம் என்று காட்டுகிற சீட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

காகிதத்தின் பிரச்சினை என் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் விவகாரம் வெளியே வந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் கார்களில், தான் புகைச் சோதனையில் இருக்கிறோமா சாலையில் இருக்கிறோமா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் இருந்தது. சோதனையில் ஒழுங்காக நடந்துகொண்டது, சாலையில் வேறுமாதிரி. சோதனைச் சீட்டில் எழுதியிருந்த எண்கள் உண்மையானவை. கார்தான் அந்த எண்கள் சொன்ன கார் அல்ல.

மூன்றாவது சாட்சி பேர். "அவர்கிட்ட கொடு, நல்லா பண்ணுவாரு." சொல்கிறவர் யார்? இன்னொரு வாங்கியவர். அவருக்கும் முதல் இரண்டு சாட்சிகள்தான் கிடைத்திருக்கும். பத்துப் பேர் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு நம்பினால், அதை ஒரு சாட்சியாகத்தான் எண்ண வேண்டும்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில், 2001-ல், அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான வேலைகளில் முக்கியமானது அது. வாங்குகிறவருக்கு நல்ல காரையும் ஓட்டைக் காரையும் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் இரண்டுக்கும் நடுவான விலையைத்தான் கொடுப்பார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். கடைசியில் மிஞ்சுவது ஓட்டைக் கார்கள். பட்டறையிலும் இதேதான். பிஸ்டனையும் கன்ராடின் இரண்டு முனைகளையும் தனித்தனியாக எடைபோட்டு, கொஞ்சமாகத் துளையிட்டு, மறுபடி அளந்து, மறுபடி துளையிட்டு ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிறவரும், அரை மணியில் முடிக்கிறவரும் சொல்வது ஒரே வாக்கியம்: "பேலன்ஸ் பண்ணிட்டேன்." நாம் விலையை மட்டும் பேரம் பேசினால், முதலாமவரைத் தொழிலை விட்டே துரத்துகிறோம். வேலையை மதிப்பிடத் தெரியாதது நம் தனிப்பட்ட நஷ்டம் மட்டும் இல்லை, நன்றாகச் செய்கிறவருக்கு நாம் செய்யும் அநியாயமும்கூட.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். வேலையைச் செய்யத் தெரியாமலே கேட்கக்கூடிய இரண்டு மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, திருப்பிப் போடுவது. மெஷினில் அளந்த கிராங்கைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி மாட்டி, மறுபடி அளக்க வேண்டும். எடைப்பிழை கிராங்கோடு சேர்ந்து நகர்ந்தால் அது கிராங்கின் பிழை. கிராங்க் திரும்பியும் பிழை அதே இடத்தில் நின்றால் அது மெஷினின் பிழை. இன்னொன்று, தெரிந்த எடையை வைத்துப் பார்ப்பது. ஒரு கிராம் களிமண்ணைத் தெரிந்த இடத்தில் ஒட்டி, மெஷின் அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கலாம். எங்கள் தொழிலிலும் இது உண்டு. நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி, சோதனைகள் அதைப் பிடிக்கின்றனவா என்று பார்ப்போம். பிடிக்காத சோதனை ஆயிரம் தடவை பச்சை விளக்கு காட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் ஆழமானது. ஒற்றை சிலிண்டர் இன்ஜினைக் கிராங்கில் வெறும் எடை வைத்து முழுமையாகச் சமன் செய்யவே முடியாது. பிஸ்டன் நேர்கோட்டில் போய்வருகிறது, எதிரெடையோ வட்டத்தில் சுற்றுகிறது. பிஸ்டனின் மேல்கீழ் ஆட்டத்தை எதிரெடையால் முழுதாக அடக்கினால், அதே அளவு ஆட்டம் முன்பின்னாக வந்து நிற்கும். பாதி அடக்கினால் இரண்டு திசையிலும் பாதிப்பாதி. இதற்காகத்தான் 310 போன்ற இன்ஜின்களில் எதிர்த்திசையில் சுற்றும் தனி பேலன்சர் ஷாஃப்ட் வைக்கிறார்கள். ஆர்எக்ஸ் 100-ல் அது இல்லை. எனவே அதில் பேலன்ஸ் என்பதே, மிஞ்சும் அதிர்வை எந்தத் திசைக்கு அனுப்புவது என்ற முடிவுதான். அந்த முடிவு ஃபிரேமையும் பிஸ்டனின் எடையையும் வண்டி அதிகம் ஓடப்போகும் வேகத்தையும் பொறுத்தது. 100 பிளாக்கின் பிஸ்டன் விட்டம் 50 மில்லிமீட்டர், 135-ன் பிஸ்டன் 58. எடை கூடுகிறது, பழைய கணக்கு செல்லாது.

அதனால் நல்ல பட்டறைக்காரரிடம் நான் எதிர்பார்ப்பது பதிலை விடக் கேள்விகளைத்தான். "எந்த பிஸ்டன் போடப்போற? டவுனுக்குள்ள ஓட்டவா, டிராக்குக்கா? கன்ராடையும் கொண்டுவந்தியா?" கேட்காமல் கிராங்கை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறவரால், எவ்வளவு நல்ல மெஷின் வைத்திருந்தாலும், என் வண்டிக்கான வேலையைச் செய்ய முடியாது. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கே அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். சாக்ரடீஸின் சிக்கல் இங்கே முழுதாகத் தீரவில்லை, கொஞ்சம் இளகுகிறது என்று மட்டும் சொல்லலாம்.

இங்கே எனக்கே ஒரு சங்கடம் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி சம்பளம் வாங்குகிற ஒருவன், கையில் கிரீஸோடு நிற்கிற ஒருவரிடம் போய் "திருப்பிப் போட்டுக் காட்டுங்கண்ணா" என்று கேட்பதில் ஒரு திமிர் இல்லையா? என் நிரலை யாராவது அப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்களா? அதை நம்பிப் பணம் அனுப்புகிறவர்களுக்கு என்னைத் தெரியாது, என்னை எதுவும் கேட்கவும் முடியாது. நானும் மூடிய கேஸுக்குள்தான் வேலை செய்கிறேன். ஆகவே நான் கேட்கிற கேள்வி, அவர் திரும்ப என்னைக் கேட்டால் நான் பதில் சொல்லத் தயாராக இருக்கிற கேள்வியாக இருக்க வேண்டும். சரிபார்ப்பதை அவமானமாக நினைக்காத மனிதர்கள் இரண்டு பக்கமும் தேவை.

திருக்குறளின் 51-வது அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அரசனுக்குச் சொன்னது. அரியவற்றைக் கற்று மாசற்றவர் என்று பெயரெடுத்தவரிடமும் ஆராய்ந்தால் அறியாமை கொஞ்சமும் இல்லாமல் இருப்பது அரிது என்கிறது. அதாவது, மிச்சம் எல்லோரிடமும் உண்டு. ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று முடிகிறது. முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாம் பாதிதான் கடினம். கேட்க வேண்டியதைக் கிராங்கைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஒப்படைத்தபின் அவரை அவர் வேலையைச் செய்ய விட வேண்டும், அதற்கான நேரத்தையும் கூலியையும் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் மீதி ஒன்று இருக்கும். நாம் எல்லாம் கேட்ட பிறகும், கடைசித் துளையைப் போடும்போது பட்டறையில் அவர் மட்டும்தான் இருப்பார். இன்னும் ஒரு கிராம் எடுக்க வேண்டும் என்று மெஷின் சொல்கிறது, மணி ஒன்பதாகிவிட்டது, விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஒரு கிராமை எடுக்கிறவர், நெடுஞ்சாலையில் போகப்போகிற யாரோ ஒரு பையனுக்காக அதை எடுக்கிறார். அவனுக்கு அது என்றைக்கும் தெரியாது, நன்றி சொல்ல வர மாட்டான். இந்த ஊரில் நான் தினமும் பாதுகாப்பாக வீடு திரும்புவதில், இப்படி எனக்குத் தெரியாமல் யாரோ எடுத்த கிராம்கள் எத்தனையோ இருக்கும். அவற்றை என்னால் எண்ண முடியாது. என் வேலையில் என் பங்குக்கு வரும் கிராமை எடுக்க மட்டும் முடியும்.