எடையில் வராத உழைப்பு

நம் ஊர்ப் பட்டறைகளில் இரும்பு வேலைக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் விலை பேசப்படுகிறது. கேட்டோ, சன்னல் கிரிலோ, மாடிப்படிக் கைப்பிடியோ, இத்தனை கிலோ, கிலோவுக்கு இத்தனை ரூபாய். வெட்டுக்கூலியும் வெல்டிங் கூலியும் அதிலேயே அடக்கம். வெல்டர் தம் வழக்கமான வேலையைச் செய்யும்வரை இந்தக் கணக்கில் பெரிய அநீதி இல்லை. அவரே ஒருநாள் உலை மூட்டி, பட்டடைக்கல் ஒன்றை நிறுவி, கம்பியைக் காய்ச்சி அடித்து அலங்கார வேலையில் இறங்கும்போதுதான் கணக்கு இடறுகிறது.

சதுரக் கம்பியொன்றைச் செம்மஞ்சள் நிறம் ஏறும்வரை காய்ச்சி, நுனியை நீட்டிக் கூராக்கி, பூவிதழ்போல் சுருட்டி முடிப்பதற்குள் அது பலமுறை உலைக்குத் திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அடிக்கக் கிடைப்பவை சில நொடிகளே. இத்தனை பாடுபட்டும் தராசில் எடை கூடுவதில்லை. சூட்டில் மேல்தோல் செதிலாய் உதிர்வதால் சற்றுக் குறையவே செய்கிறது!

இங்கேதான் சோதனை வருகிறது. ஆயத்தச் சுருள்களும் வார்ப்பு இலைகளும் கடையிலேயே கிடைக்கின்றன. சுத்தியல் தழும்பு பதித்த கம்பிகூட ஆலையிலிருந்தே வருகிறது. வாங்கி ஒட்டி, கிரைண்டரால் தேய்த்து, கறுப்பு வண்ணம் பூசிவிட்டால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒட்டுவதில் பாவமில்லை, ஒட்டியதைக் கையால் அடித்தது என்று சொல்லிக் காசு வாங்குவதே களவு. பழங்கலையின் அன்பர் சிலர் வெல்டிங்கையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. பார்சலோனாவின் உலோகக் கைவினைக் குடும்பத்தில் பிறந்த ஜூலியோ கொன்சாலஸ், 1918-இல் பாரிசை அடுத்த ரெனோ தொழிற்சாலையில் வெல்டிங் கற்றார். பத்தாண்டுகளுக்குப் பின் பிக்காசோவின் இரும்புச் சிற்பங்களுக்கு அந்தத் திறமையே கைகொடுத்தது.

ஆனால், அலங்காரமே வீண்செலவுதானே என்று கேட்பவர் உண்டு. புனித தோமஸ் அக்வினாஸ் ஓரிடத்தில் இரம்பத்தை உவமை காட்டுகிறார்: கண்ணாடி அழகான பொருளாயினும், அறுப்பதற்கு ஏற்றது இரும்பே என்பதால் தொழிலாளி இரும்பையே எடுக்கிறான். பயனைக் கெடுக்கும் அழகு குறையே என்பது இதிலிருந்து தெளிவு. குழந்தையின் கையைக் கிழிக்கும் ஈட்டிமுனை வைத்த கேட், எத்தனை நேர்த்தியாயினும் கெட்ட கேட்தான். ஆயின் பயனைக் கெடுக்காத அழகை இந்த உவமை விலக்கவில்லை. சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம், நெருப்பின் அனலில் உடல் வாடியபடி, மாதிரி வடிவத்தில் கண்ணை ஊன்றி, வேலையை அழகுறச் செய்து முடிப்பதில் கருத்தாயிருக்கும் கொல்லனைக் காட்டுகிறது. இத்தகையோர் இன்றி எந்நகரும் குடியிருப்பாகாது என்றும், ஆனாலும் மக்கள் மன்றத்தில் அவர்களை யாரும் தேடுவதில்லை என்றும் அதுவே சொல்கிறது. பிந்தியது இன்றும் மாறவில்லை.

ஆகவே பொய்யின் பழியை வெல்டர்மேல் மட்டும் சுமத்துவது முறையன்று. உலை வேலையைக் கேட்டுவிட்டு ஒட்டுவேலையின் விலைக்குப் பேரம் பேசும் நாமே அவரை அங்கே தள்ளுகிறோம். கல்லறைச் சிலுவைக்கும் கோயில் கிராதிக்கும்கூட இப்படித்தான். இரும்புக்கு ஒரு வரி, உலைமுன் நின்ற நாள்களுக்குத் தனியே ஒரு வரி என விலைச்சீட்டை எழுதித் தருமாறு நாமே முன்வந்து கேட்கலாம். கிலோவுக்கு எவ்வளவு என்ற கேள்விக்குப் பழகிப்போன அவருக்கு, நாள் கூலியைத் தாமாகச் சொல்லக் கூச்சமாயிருக்கும்.